யாருடைய சூடம்

போன வெள்ளிக்கிழமை பரணிலிருந்து இட்லிக் குண்டானை இறக்கினேன். மகள் வீட்டில் விசேஷம். பெரிய பாத்திரம் எதுவும் இல்லை, ஏறிப் பாருங்கள் என்று மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பழைய துணி மூட்டைக்குப் பின்னால் அது கையில் தட்டுப்பட்டது. இறக்கித் துடைத்தபோது இரண்டு ஓட்டைகள் என்னை நேராகப் பார்த்தன. உள்ளே இன்னும் வெள்ளிப் பெயின்ட் நாற்றம் போகவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுல இட்லி வச்சா ஆவி எல்லாம் கண்ணு வழியா போயிடும்" என்றாள். பிறகு உன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டாள். அது அவள் சீதனமாகக் கொண்டுவந்த குண்டான். கி.பி. 2070இல் உலகத்தை ஆளப்போகிற கொடுங்கோலனின் தலைக்கு அதைவிடப் பொருத்தமான கவசம் புதுச்சேரியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்று 2006இல் நீ அவளுக்கு விளக்கம் சொல்லியிருந்தாய். உலகத்தின் எதிர்காலத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு யாரிடமும் பேசியதில்லை.

நீ போய்ப் பத்து வருடம் ஆகிறது. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குப் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

புதுச்சேரியில் யாரோ ஒருவருடைய ஸ்டூடியோவுக்காகக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே மற்றவர்களின் மகிழ்ச்சியையும் தவறுகளையும் சரி பார்த்துப் பிழைத்தவர்கள். ஒரு நாள் மரக்காணத்தில் என் வீட்டுக்கு வந்தபோது, உப்பளத்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இங்க செட்டே போட வேணாம்டா. கேமராவ வச்சா எதிர்காலம் தானா வந்து நிக்கும்" என்றாய். 'வெண்பாலை' அப்படித்தான் பிறந்தது. மழை நின்றுபோன உலகம். நல்ல தண்ணீர் முழுவதும் ஒரே ஆளின் கையில். சாக்குச் சட்டையில் எண் குத்திய மனிதர்கள் காலையிலிருந்து மாலைவரை உப்பு வாருகிறார்கள். கூலி, ஒரு குவளைத் தண்ணீர். வசனம் நான். நான் அப்போது நிறையப் படித்திருந்தேன். அது வசனத்தில் தெரிந்தது.

குத்தகைக்காரர் சபாபதி தன் உப்பளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜெனரேட்டர் கொடுத்தார். செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, அவர் நடிக்க வேண்டும். கொடுங்கோலன் பாத்திரத்தைத் தவிர வேறு எதற்கும் அவருடைய உடம்பு இடம் தராது என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். அடிமைகளாக நடிக்க அவருடைய ஆட்களே இருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

பூட்ஸ் உன் யோசனை. சுனாமிக்குப் பிறகு எங்கிருந்தெல்லாமோ வந்த நிவாரணப் பொருள்களில் முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸும் இருந்தது. குப்பத்தில் மணலில் நின்று வலை இழுக்கிறவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமுதாயக் கூடத்தில் ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். நாற்பது ஜோடி இரவல் வாங்கி வந்தாய். எல்லாருக்கும் ஒரே மாதிரி பூட்ஸ், ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடி. பார்த்தவுடன் மனிதத்தன்மை போய்விட்டது என்று பார்வையாளனுக்குப் புரிய வேண்டும் என்றாய். நானும் தலையாட்டினேன். நான் படித்த புத்தகங்களிலும் பூட்ஸ் என்றால் அடக்குமுறைதான்.

பதினோரு நாள் அதைப் போட்டுக்கொண்டு வாரினார்கள். பன்னிரண்டாம் நாள் திருப்பி வாங்கினோம். அஞ்சலைதான் கடைசியாகக் கொண்டுவந்தாள். கழுவி, கவிழ்த்து வைத்துக் காயவைத்திருந்தாள். படத்தில் அவள் பதினான்காம் எண். "வாங்கிக்கிட்டுதான் போவணுமா தம்பி?" என்றாள். "இரவல்மா" என்றாய். அவள் பூட்ஸைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், வைத்துவிட்டுப் போனாள். நாம் அடுத்த ஷாட்டுக்கு வெளிச்சம் போதுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பதினோரு நாளில் முதல் நாள் எடுத்த காட்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம். சபாபதியின் உப்பளத்தில் மாசியில் முதல் உப்பு வாருகிற அன்று பூஜை. வாரிய உப்பைக் கூம்பாகக் குவித்து, மஞ்சள் தெளித்து, எதிரே தட்டில் சூடம் கொளுத்துவார்கள். சூடம் எரிகிறபோது குத்தகைக்காரர் அந்தப் பருவத்துக்கான கூலி, ஓய்வுநாள், தீபாவளித் துணி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சூடம் அணைந்த பிறகு பேச்சு கிடையாது. சொன்னதை ஏற்றலாம், இறக்கக் கூடாது. காகிதம் கிடையாது. "காயிதம் உப்புக் காத்துல அரிச்சிடும் சார். இது அரிக்காது" என்று மேஸ்திரி ஆரோக்கியம் நமக்கு விளக்கினார்.

நமக்கோ கூட்டம் வேண்டியிருந்தது. அத்தனை பேரும் வரிசையாக நிற்கிற இன்னொரு நாள் வராது. சபாபதி வேட்டி சட்டையில் நின்று நிஜக் கூலியைச் சொல்லி முடித்தார். சூடம் அணைந்தது. உடனே தலையில் குண்டானை மாட்டிவிட்டோம். எதிரே நெருப்பு இருந்தால் கவசம் மினுங்கும் என்றாய். நான் காலையில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய சூடத்தை டப்பாவோடு நீ அஞ்சலையிடம் கொடுத்தாய். அவள்தான் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். தட்டு அவர்களுடையது. உப்புக் குவியல் அவர்களுடையது. சூடம் நம்முடையது. இதைக் கவனித்தவர்கள் மூன்றே பேர்: நீ, நான், அஞ்சலை.

நான் எழுதிய வசனம், "உங்களுக்குக் கால் இல்லை, கண் இல்லை, தாகம் மட்டுமே உண்டு." சபாபதி காகிதத்தைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். "இத நான் சொன்னா என் ஆளுங்க என்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க?" கேமரா ஓடத் தொடங்கியதும் கையை உயர்த்தி, அவராகவே பேசினார். "இன்னியிலேர்ந்து எல்லாருக்கும் ஒரு ஜோடி பூட்ஸு, ஒரு கறுப்புக் கண்ணாடி, தெனம் ஒரு கொடம் நல்ல தண்ணி. இது என் வாக்கு."

நான் உன்னைப் பார்த்தேன். நீ நிறுத்தவில்லை. "கொடுமக்காரன் நல்லவனா பேசினாத்தான்டா பயமா இருக்கும்" என்றாய் பிறகு. உண்மையில் அன்றைக்கு இன்னொரு முறை எடுக்க டேப் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தைப் போட்டுக் காட்டினோம். ஸ்டூடியோக்காரன் ஆவணி முகூர்த்தங்களுக்காகக் கம்ப்யூட்டரைக் காலி செய்துவிட்டான். எடுத்த டேப்புகளின் மேல் நீயே நான்கு கல்யாணங்களைப் பதிவு செய்துவிட்டிருந்தாய். ஆக முழுப் படமும் ஒரு சின்னக் கேசட்டில்தான் இருந்தது. ஒரு காப்பி எடு என்றேன். "பப்ளிக் ரியாக்‌ஷன் பாத்துட்டு, வெட்ட வேண்டியத வெட்டிட்டு எடுத்துக்கலாம்" என்றாய். மறுவாரம் சபாபதி உன்னைச் சென்னைக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. டிவியில் இருந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவர் படத்தைப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். படம் போடுகிற அன்று காலை நீ இரண்டு முறை சவரம் செய்துகொண்டாய்.

இடம், சபாபதியின் காலி உப்புக் கிடங்கு. கதவுகளைச் சாத்தி, இடுக்குகளில் சாக்குத் தொங்கவிட்டோம். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது. நூற்றைம்பது பேர் தரையில். முன்னால் ஒரே நாற்காலி, அதில் சபாபதி. வெளியே அவருடைய ஜெனரேட்டர். உள்ளே ஒரு சூளையின் வெக்கை. சுவரில் கட்டிய வேட்டியில் 'வெண்பாலை' என்று எழுத்து வந்ததும் விசில் அடித்தார்கள். உன் கை என் முழங்கையைப் பிடித்தது. ஈரமாக இருந்தது.

முதல் இருபது நிமிடம் எல்லாம் தப்புத் தப்பாகப் போயிற்று. இயந்திரக் காவலன் நடந்து வந்தபோது, "டேய், அது நம்ம கேபிள்காரன்டா" என்று ஒருவன் கத்தினான். வெள்ளிப் பேப்பர் சுற்றிய அந்த இயந்திரத்திடம் கூட்டமே மாத பாக்கியைப் பற்றி விசாரித்தது. கதாநாயகன் கடைசிக் குவளைத் தண்ணீரைக் குடிக்கிற இடத்தில் நீ மூன்று நாள் செலவழித்து வயலின் சேர்த்திருந்தாய். "ஏம்பா, அப்பிடி ஒழுகவுட்டுக் குடிக்கிறான்? ஒக்காந்து ஒழுங்கா குடிச்சா இன்னாவாம்" என்றாள் ஒரு கிழவி. கி.பி. 2070 என்று எழுத்து வந்தபோது மட்டும் சிரிப்பு இல்லை. "அறுவது வருசம் கழிச்சும் நாமதான் வார்றோமா? மிசினு வரலியா?" என்று யாரோ கேட்டார்.  அதுதான் நாம் எதிர்பார்த்த திகில் என்று நான் உன் காதில் சொன்னேன். நீ தலையை அசைத்தாய். இருவரும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம்.

அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். முகங்களைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருடைய பார்வையும் திரையின் அடிப்பாகத்தில் இருந்தது. அடிமைகள் வரிசையாக நடந்து வருகிற அந்த நீண்ட ஷாட்டில், நாம் மனிதத்தன்மை அழிந்ததைக் காட்டிய இடத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

"அந்தப் பதினோரு நாளு என் காலுல ஒரு புண்ணு இல்லக்கா."

"எனுக்கு வெடிப்பு மூடியே போச்சி."

"கண்ணு எரியில. ஞாபகம் இருக்குதா? சாயங்காலம் ஊசி கோத்தேன் நான்."

உன் கை என் முழங்கையை விட்டது. உலகத்தின் மிகக் கொடூரமான எதிர்காலத்தை நாம் காட்டிக்கொண்டிருந்தோம். நூற்றைம்பது பேர் அங்கே குடிபோக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த காட்சி அதுதான். உப்புக் கூம்பு, சூடம், கவசம். சபாபதி கையை உயர்த்தி, பூட்ஸும் கண்ணாடியும் தண்ணீரும் தருவதாகத் தன் குரலில் வாக்குக் கொடுத்தார். முன் நாற்காலியில் இருந்த சபாபதி தன் நடிப்பை ரசித்துத் தொடையில் தட்டிக்கொண்டார்.

"தம்பி, நிறுத்து" என்றார் ஆரோக்கியம், பின்னாலிருந்து. "பின்னால போ. திரும்பப் போடு."

நீ போட்டாய். இன்னொரு முறையும் போடச் சொன்னார்கள். மூன்றாம் முறை சூடம் எரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். படம் உறைந்து நின்றது. சுடர் மட்டும் கோடு கோடாக நடுங்கியது. அணையவில்லை.

சபாபதி திரும்பிப் பார்த்தார். "இன்னாங்கடா?"

"சொல்லியிருக்கீங்க மொதலாளி" என்றார் ஆரோக்கியம்.

"ஏய், அது நடிப்புடா. தலையில இட்லிக் குண்டான மாட்டிக்கினு எவனாச்சும் வாக்கு குடுப்பானா?"

"தலையில இன்னா இருந்திச்சின்றது பேச்சில்ல. எதிர்ல இன்னா எரிஞ்சிச்சின்றதுதான் பேச்சு."

"நீ கோயிலுக்கே வராதவன். உனுக்கு இன்னா தெரியும் சூடத்தப் பத்தி?"

"மாதா கோயில்ல மெழுகுவத்திங்க. எரியிறதுக்கு எதிர்ல பேசுனா எங்கியும் பேசுனதுதான்."

 சபாபதி எழுந்தார். அவருக்கு வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பூட்ஸ் போட்டு மிதித்தால் பாத்தி கெட்டுவிடும் என்றார். பதினோரு நாள் மிதித்தோமே, எந்தப் பாத்தி கெட்டது என்று ஆரோக்கியம் கேட்டார்.  சபாபதி சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். குரலைத் தாழ்த்தினார். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"சூடத்துக்கு எதிர்ல சொன்னத நான் மாத்துனதில்ல. எங்கப்பனும் மாத்துனதில்ல. இந்த ஊர்ல எவனும் அப்பிடிச் சொல்லக் கூடாது. ஆனா அது சினிமாச் சூடம். பூஜைச் சூடம் மின்னாடியே அணைஞ்சிபோச்சி. இது சினிமாக்காரன் வாங்குனது. தோ நிக்கிறான், அவனியே கேளுங்க. பூஜைச் சூடம்னு அவன் சொல்லட்டும், நான் குடுக்கறேன்."

அவர் ஊகமாகச் சொன்னாலும் அது முழுக்க உண்மை. அதைத்தான் நீ சொல்வாய் என்று அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவருடைய இடம், அவருடைய ஜெனரேட்டர், மறுவாரம் அவருடைய காரில் சென்னை.

அஞ்சலை எழுந்து வந்தாள். மெதுவாகத்தான் வர முடிந்தது. இரண்டு பாதத்திலும் கிழிந்த வேட்டித் துணி சுற்றியிருந்தாள். அதில் ஈரம் ஊறியிருந்தது. திரையின் வெளிச்சத்தில் அவளுக்குப் பின்னால் அவளே பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் தட்டோடு, உறைந்து நின்றாள்.

"தம்பி" என்றாள். "தட்டு என் கையிலதான் இருந்திச்சி. நீங்க சொல்லுங்க. அந்தச் சூடம் உங்களுதா, எங்களுதா?"

நீ கொடுத்த டப்பாவை வாங்கியவள் அவள். பதில் தெரிந்துதான் கேட்டாள். உன் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. நீ என்ன சொன்னாலும் அவள் மறுக்கப்போவதில்லை என்று மட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

நீ திரையைப் பார்த்தாய். உன் கை கேசட் மிஷின்மேல் இருந்தது. வெளியே ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. இவன் ஏதாவது சமரசமாகப் பேசப்போகிறான், இரண்டு பக்கமும் நோகாமல் சொல்லிவிடுவான் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"உங்களுதும்மா" என்றாய்.

சபாபதி உன்னை நம்பவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. கூட்டம் எழுந்து நிற்பதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரே, நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவரு. பொய் சொல்ல மாட்டீங்க. யாரு வாங்குன சூடம் அது?"

அந்தக் கடை, அந்தக் கடைக்காரர் தினத்தாளில் சுற்றிக் கொடுத்த டப்பா, எல்லாம் என் கண்முன் இருந்தது. உண்மையைச் சொன்னால் அஞ்சலையின் கால். பொய் சொன்னால் நான் அதே ஊரில் இருக்க வேண்டியவன், நீயாவது ஸ்கூட்டர் ஏறிப் போய்விடுவாய். இதையெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசிக்கவில்லை. வாய் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது.

"நான் வசனம் மட்டும்தாங்க எழுதுனேன்."

படத்துக்காக எழுதிய அத்தனை வசனங்களிலும் அவ்வளவு கச்சிதமானது ஒன்றில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சபாபதி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிஷினுக்கு வந்தார். உன் கையை விலக்கினார். பட்டனை அழுத்தி, அந்தச் சின்னக் கதவு முனகிக்கொண்டு திறக்கிறவரை பொறுமையாகக் காத்திருந்து, கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பூட்ஸு வரும்" என்றார் கூட்டத்தைப் பார்த்து.  வெளியே போனார். ஜெனரேட்டர் நின்றது.

இருட்டு. தகர ஓட்டைகளின் வெளிச்சம் மட்டும். படத்தில் இன்னும் இருபத்திரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. யாரும் வெளியே போகவில்லை. ஜெயித்தவர்கள் சத்தம் போடுவார்கள் என்பார்கள். இவர்கள் போடவில்லை. கொஞ்சம் கழித்து அந்தக் கிழவியின் குரல் கேட்டது. "கடைசில இன்னா ஆவுது தம்பி, அந்தச் சனத்துக்கு?"

நீ உட்கார்ந்தாய். அந்த இருபத்திரண்டு நிமிடத்தையும் வாயால் சொன்னாய். யார் எங்கிருந்து வருகிறார்கள், யார் முகம் எப்போது பெரிதாகத் தெரிகிறது, எங்கே வயலின். நான் எழுதிய முடிவில் எல்லாரும் செத்துப்போவார்கள். நீ ஒருவரையும் சாகவிடவில்லை. ஒரே மதியத்தில் அவர்களை நீ காப்பாற்றியது இரண்டாவது முறை.

"படத்த விட இது நல்லா இருந்திச்சி" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் வெளியே வெயிலுக்குப் போனார்கள்.

பெரிய முதலியார்சாவடியில் உன் வீடு. என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாய். தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.  வழி முழுக்க நீ கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாய். "ரியாக்‌ஷன் நல்லாத்தான் இருந்திச்சி, இல்ல?"

பூட்ஸ் நான்காம் நாள் வந்தது. எல்லாம் ஆண்கள் அளவு, ஒரே அளவு. பெண்கள் துணியடைத்துப் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடி வந்தது. டிரம்மில் நல்ல தண்ணீரும் வந்தது. அடுத்த மாசியில் சூடம் கொளுத்துவதற்கு முன், "கேமரா ஏதாச்சும் இருக்குதா பாருங்கடா" என்று சபாபதி வரப்பெல்லாம் தேடச் சொன்னாராம். ஆனாலும் சூடம் எரிந்தபோது கூலிக்கு அடுத்ததாகப் பூட்ஸைச் சொன்னார். ஏற்றலாம், இறக்கக் கூடாது. இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் வருடத்திலிருந்து பெண்கள் அளவும் வருகிறது.

உனக்குக் கேசட் வரவில்லை. நீ இரண்டு முறை போய்க் கேட்டாய். பிறகு கல்யாணங்களுக்குத் திரும்பிவிட்டாய். ஒருமுறை, ஒரே ஒருமுறை, பொய் சொன்னதற்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். "பொய்யின்னு யார் சொன்னது? எடிட்டிங்" என்றாய். நான் அன்று சொன்னதைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் தயாராக வைத்திருந்தேன். எட்டு வருடம் வைத்திருந்தேன். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது.

இப்போது அந்த விஷயம். உன் சாவுக்குச் சபாபதி வந்திருந்தார், மாலையோடு. உன் காலடியில் வெகுநேரம் நின்றார். பந்தலுக்கு வெளியே என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"கேசட்டு பீரோவுலயே இருந்திச்சி. குடுக்கணும்னுதான் நெனச்சேன். எடுத்துப் பாத்தா பூசணம்" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு அவன் சொன்னத நான் நம்பவே இல்ல. அந்தப் பொம்பள காலப் பாத்துட்டுச் சொல்றான்னு தெரிஞ்சி போச்சி. உங்களத்தான் நம்புனேன். அது சினிமாச் சூடமா இருந்திருந்தா நீங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பீங்க. என்னிய நோவடிக்க வேணாம்னு நீங்க வாய மூடினீங்க. சிநேகிதன் பக்கமும் பேசல, என் பக்கமும் பேசல. அதுலியே புரிஞ்சிகிட்டேன், சூடம் அவங்களுதுதான்னு. இல்லன்னா நான் ஒரு பூட்ஸு குடுத்திருக்க மாட்டேன்."

உள்ளே உன் மனைவி அழுகிற சத்தம் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். இதோ, இப்போதாவது சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த மாசியில் அவர் பூட்ஸைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு காரணம் உடனே வந்து நின்றது. நல்ல காரணம். அஞ்சலை இன்னும் வாரிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காரணம் எனக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நீ ஒரு சொல் சொன்னாய். அதற்கு விலையாக உன் படம் போனது. நீ சொன்னதை யாரும் நம்பவும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் அவர் சத்தியமாக எடுத்துக்கொண்டார். நாற்பது பேர் கால்களுக்கு இன்றுவரை அதுதான் காவல்.

சபாபதி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். வயதாகிவிட்டது, காது மந்தம், சூடம் கொளுத்துகிற அன்று மட்டும் குரல் கணீரென்று வருகிறது. போன மாதம் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இடையில் வேலித் தகராறு. யார் சொல்வது உண்மை என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் எனக்கு ஆள் அனுப்பினார். "அவரக் கூப்புடுங்க. அவுரு சாட்சின்னா வேற பேச்சே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். போனேன். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாரும் நம்புவதற்குத் தயாராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.